தாமதக்காரர் சபை

பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக இருப்பவளுக்கு இரண்டே எதிரிகள். ஒன்று மழை. இன்னொன்று, வண்டி கிளம்பும் நேரம் பார்த்து டீக்கடைப் பக்கம் நழுவும் டிரைவர். மழையை ஒன்றும் செய்ய முடியாது. டிரைவர்களைக் கடிகார அக்கா ஒரு கை பார்த்துவிடுவாள்.

கடிகார அக்கா என்று அவளுக்கு யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது, உள்ளுக்குள் பெருமைதான். மூன்று பக்கம் கண்ணாடி வைத்த சின்ன அறை அவளுடையது. மேசைமேல் பெரிய அட்டவணை, ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. நேரத்துக்குக் கிளம்பிய வண்டிக்கு நீலத்தில் ஒரு கோடு. பிந்திய வண்டிக்குச் சிவப்பில் 'தாமதம்'. எழுதினால் எழுதியதுதான்.

"டயர் பஞ்சர்க்கா" என்று தலையைச் சொறிவான் டிரைவர்.

"பஞ்சர் ஆனது டயருக்கு. தாமதம் ஆனது உனக்கு" என்பாள் அக்கா.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் அந்தக் கல்யாணப் பேச்சு வந்து விழுந்தது.

அவளுடைய ஒரே மகள் பல் டாக்டரிடம் உதவியாளாக இருந்தாள். அங்கே ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனது. சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தான். ஃப்ரிட்ஜ் மறுபடி கெட்டுப்போனது, அவனும் மறுபடி வந்தான். அப்புறம் அந்த ஃப்ரிட்ஜ் கெட்டுப்போவதே வழக்கமாகிவிட்டது. "புது ஃப்ரிட்ஜ் எதுக்குடி இத்தனை தடவை கெடணும்னு நான் அப்பவே யோசிச்சிருக்கணும்" என்று அக்கா பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டாள்.

பையனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. உழைப்பாளி, சிரித்த முகம், தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான். குறை அவன் பிறந்த சபையில் இருந்தது. அவர்கள் தாமதக்காரர்கள்.

ஊரில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் சொல்வார்கள். துணிக்கடைத் தெருவின் கடைசியில் அவர்களுக்கு ஒரு வழிபாட்டுக் கூடம் இருந்தது. வாசலில் தகரப் பலகையில் நீளமாக வேறொரு பெயர் எழுதியிருக்கும். அதை முழுசாகப் படித்து முடித்தவர் யாரும் இல்லை. அவர்கள் வழிபாட்டுக்கு இன்ன மணி என்று கிடையாது. வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தால்தான் ஆரம்பிப்பார்கள். ஒரே ஒருவர் பாக்கி என்றாலும் மற்றவர்கள் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பெரிய வழிபாட்டிடங்களில் மக்கள் கும்பிட்டு முடித்து, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுக் கையும் கழுவியிருப்பார்கள். இங்கே அப்போதுதான் முதல் பாட்டு கேட்கும்.

பேருந்து நிலையத்தில் விஷயம் பரவியதும் டிரைவர்களுக்குக் கொண்டாட்டம். வாய் மூடத் தெரியாத காரணத்தால் 'ஹாரன்' என்று பெயர் வாங்கிய மூன்றாம் நம்பர் வண்டி டிரைவர்தான் முதலில் ஆரம்பித்தான்.

"அக்கா, கல்யாணப் பரிசா உங்க சிவப்புப் பேனாவையே குடுத்துடுங்க. அவங்களுக்கு அதுதான் பொருத்தம்."

"அவங்களுக்கு அந்தப் பேரு ஏன் வந்துச்சு தெரியுமா?" என்றான் அவனுடைய கண்டக்டர். யாருக்கும் மீதி கொடுக்காமல் இழுத்தடிப்பதால் இவனுக்குச் 'சில்லறை' என்று பெயர். "அவங்க சபையை ஆரம்பிச்ச பெரியவரு முதல் நாளே தூங்கிட்டாராம். கூட்டமெல்லாம் வாசல்ல நிக்குது, இவரு உள்ள குறட்டை விடறாரு. அன்னைக்கு வெச்ச பேருதான்."

அக்கா விசிலை எடுத்து அவன் காதருகில் ஊதினாள். அவன் தாவி வண்டியில் ஏறிக்கொண்டான். ஆனால் அந்தக் குறட்டைக் கதை அவள் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டார் பிந்தித்தான் வந்தார்கள். பையனின் சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாராம். அவர் தேடி முடிக்கும்வரை மொத்தக் குடும்பமும் தெருவில் நின்றிருக்கிறது. கண்ணாடி அவர் தலைமேலேயே இருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அவருக்கு, தலையில இருக்குன்னு" என்றாள் அக்கா.

"எங்களுக்கும் தெரியலையே சம்பந்தி. நாங்களும்தான் தேடினோம்" என்றாள் பையனின் அம்மா. அவள் வீடுகளுக்குத் திரைச்சீலை தைப்பவள். பேசும்போதே அவள் கண் அக்கா வீட்டு ஜன்னல்களை அளந்துகொண்டிருந்தது. குண்டான, நிதானமான பெண்மணி. நாற்காலியில் அவள் உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால் எழுந்திருக்கும் உத்தேசமே இல்லாதவள்போல இருந்தது.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சு? என்ன அர்த்தம் அதுக்கு?"

அக்காவின் வீட்டுக்காரர், புத்தகம் பைண்டு செய்பவர், பயந்து போய் இருமினார். ஆனால் சம்பந்தியம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"அதையா கேக்கறீங்க? முதல் வழிபாட்டு அன்னைக்கு ஒரு மருத்துவச்சி வரலையாம். எங்கயோ பிரசவம் பாக்கப் போயிருக்கா. இவ இல்லாம என்னன்னு எல்லாரும் உக்காந்துட்டாங்க. பொழுது போயி பொழுது விடிஞ்சு அவ வந்தா. அப்பறம்தான் ஆரம்பிச்சாங்க. எங்கம்மா அப்படித்தான் சொல்லுவாங்க."

"இல்ல அண்ணி" என்றார் சித்தப்பா, கண்ணாடியைத் துடைத்தபடி. "மருத்துவச்சி இல்ல, ஒரு மணியடிக்கிறவரு. கால் ஊனம். அவரு நடந்து வந்து மணி அடிச்சாத்தான் வழிபாடு. மெதுவாத்தானே வருவாரு."

"உங்க வீட்ல அப்படிச் சொல்லுவாங்க. எங்க வீட்ல மருத்துவச்சி."

"இதுல எது நிஜம்?" என்றாள் அக்கா.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை எடுத்துக்கங்க" என்றாள் சம்பந்தியம்மா தாராளமாக. "எல்லாத்துலயும் யாரோ ஒருத்தங்க கடைசியா வர்றாங்க, மத்தவங்க உக்காந்திருக்காங்க. அவ்வளவுதானே விஷயம்?"

அக்காவுக்குச் சுரீரென்றது. சொந்தப் பெயர் எப்படி வந்ததென்றுகூடத் தெரியாத கூட்டம்! தெரியாததோடு, தெரியவில்லையே என்ற கவலையும் இல்லாத கூட்டம்! அவள் அட்டவணையில் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் உண்டு.

அவர்கள் போனதும் அடுப்படியில் அம்மாவுக்கும் மகளுக்கும் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு உன்னையும் தாமதக்காரின்னு சொல்லுவாங்கடி. டைம்கீப்பர் பொண்ணு தாமதக்காரி! நிலையத்துல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"சொல்லிட்டுப் போகட்டும்மா."

"என்ன இருக்கு அங்க, நீ இப்படிச் சொக்கிப் போறதுக்கு?"

மகள் கழுவிக்கொண்டிருந்த தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு நாள் அவரு என்னை அவங்க கூடத்துக்குக் கூப்பிட்டாரு. டாக்டர்கிட்ட கடைசி நேரத்துல ஒருத்தர் பல்லைப் பிடிச்சுக்கிட்டு வந்துட்டாரு, நான் கிளம்பவே நேரமாயிடுச்சு. எல்லாம் முடிஞ்சிருக்கும், பின்னாடி நின்னு எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். போனா எல்லாரும் அப்படியே உக்காந்திருக்காங்க. யாரும் மூஞ்சியத் தூக்கல. 'வாம்மா, வந்துட்டியா, ஆரம்பிக்கலாமா'ங்கறாங்க. என்னை யாருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது." அவள் குரல் இறங்கியது. "ஸ்கூல் கேட்ல தினமும் கடைசியா நின்னவம்மா நான். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிட்டு என்கூட நிப்பாரு. ஊருக்கெல்லாம் நீ நேரத்துக்கு பஸ் விட்டே. என்னைக் கூப்பிட வர்றதுக்குத்தான் உனக்கு நேரமில்ல. எனக்காக இத்தனை பேரு காத்திருந்தது அன்னைக்குத்தாம்மா."

அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். அதனால்தான் அது அதிகமாக வலித்தது. வலித்தால் அழத் தெரியாது அக்காவுக்கு. கோபப்படத்தான் தெரியும்.

"அப்ப அவங்களையே அம்மாவா வெச்சுக்க. கல்யாணத்துக்கு நான் வரல."

சொன்னது சொன்னதுதான். வீட்டுக்காரர் கெஞ்சினார், பெயிண்ட் கடை வைத்திருக்கும் தம்பி வந்து மிரட்டினான். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் சம்பந்தியம்மாவே பேருந்து நிலையத்துக்கு வந்து, கண்ணாடி அறையின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நான் வராட்டி உங்க கல்யாணம் நின்னுடுமா என்ன?" என்றாள் அக்கா, அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நிக்காது சம்பந்தி. காத்திருக்கும்."

"உடம்புக்கு முடியாதவங்க, படுத்துக் கிடக்கிறவங்க எல்லாம் இருந்தா? அவங்களுக்கும் உக்காந்தே இருப்பீங்களா?"

"வர முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே போயிடுவோம், மொத்தக் கூட்டமும். வர மாட்டேங்கிறவங்களுக்குத்தான் காத்திருப்போம்." அவள் புறப்படும்போது ஜன்னல் கண்ணாடிகளை ஒரு பார்வை பார்த்தாள். "இந்த அறைக்கு ஒரு திரை போடலாம். வெயில் உங்க முகத்துலயே அடிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாய்க்கொழுப்பு என்று அக்கா அதைச் சிவப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கல்யாண நாள் காலையில் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, பத்து தடவை செருமிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மகள் வாசலில் திரும்பிப் பார்த்தாள். "வந்துடும்மா" என்று மட்டும் சொன்னாள். அக்கா பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே இன்னொரு தடவை தேய்த்தாள். பிறகு சீருடையை மாட்டிக்கொண்டு, லீவு போட வேண்டிய நாளில் வேலைக்குப் போய் நின்றாள்.

டிப்போ மேனேஜர் அவளைப் பார்த்ததும் பேய் பார்த்தவர்போல ஆனார். "என்னம்மா இது! இன்னைக்குப் பொண்ணு கல்யாணம் இல்ல?"

"நடக்குது சார். நான் எதுக்கு?" என்று அட்டவணையை விரித்தாள்.

மூன்றாம் நம்பர் வண்டி துணிக்கடைத் தெரு வழியாகத்தான் போகும். அந்தக் கூடத்துக்கு எதிரிலேயே ஒரு நிறுத்தம். அக்கா அதை மறந்துவிட்டாள் என்று சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை.

முதல் நடை போய்த் திரும்பிய ஹாரன், இறங்காமலேயே ஜன்னல் வழியாகக் கத்தினான். "அக்கா! வாசல்ல நல்ல கூட்டம். ஆனா இன்னும் ஆரம்பிக்கல!"

"நான் கேட்டேனா?" என்றாள் அக்கா. நீலக் கோடு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அடுத்த நடையில் சில்லறை வந்தான். "அக்கா, அங்க நிறுத்தத்துல ஆளு ஏற நேரமாச்சு, சும்மா உள்ள எட்டிப் பாத்தேன். உங்க வீட்டுக்காரரு மாப்பிள்ளையோட சதுரங்கம் ஆடறாரு. ராணியைப் பறிகுடுத்துட்டு முழிக்கிறாரு. எனக்கு டீ குடுத்தாங்க. நல்ல டீ."

"இன்னுமா ஆரம்பிக்கல?"

"யாரோ வரணுமாம்."

"அந்தச் சித்தப்பா கண்ணாடியத் தேடிட்டிருப்பாரு" என்றாள் அக்கா. சொல்லும்போதே, அது சித்தப்பா இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு.

அதற்கடுத்த நடைக்குள் விஷயம் நிலையம் முழுக்கப் பரவிவிட்டது. பயணிகள்கூட மூன்றாம் நம்பர் வண்டியின் வருகைக்குக் காத்திருந்தார்கள், ஏறுவதற்கல்ல, செய்தி கேட்பதற்கு. பழ வண்டிக்காரி ஒருத்தி, தாமதக்காரர்கள் என்ற பெயர் கடவுளே தாமதமாகத்தான் வருவார் என்று அவர்கள் நம்புவதால் வந்தது என்றாள். இல்லை, முற்காலத்தில் அவர்கள் எல்லோரும் கப்பலைத் தவறவிட்டவர்கள் என்றார் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர். தவறவிட்டதால்தான் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார்களாம். கப்பலே வராத ஊரில் எந்தக் கப்பலைத் தவறவிட்டார்கள் என்று பழ வண்டிக்காரி அவரை மடக்கினாள்.

வண்டி வந்து நின்றது. சில்லறை இந்தத் தடவை ஓடியே வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"அக்கா, முன் வரிசையில ஒரு நாற்காலி காலியா கெடக்கு. மேல ஒரு சால்வைய மடிச்சு வெச்சிருக்காங்க. யாருக்குன்னு கேட்டேன். பொண்ணோட அம்மாவுக்காம்."

அக்கா பேனாவை மூடினாள், திறந்தாள். "இது மிரட்டல். என்னை வரவைக்கிறதுக்கு நாடகம் போடறாங்க. நாடகம்னா கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியதுதானே? ஏன் அனுப்பல?"

"அதையும் கேட்டேன்க்கா. 'ஆள் அனுப்பினா அது காத்திருக்கிறது இல்ல தம்பி, விரட்டறது'ன்னு உங்க சம்பந்தியம்மா சொன்னாங்க. நான் இங்க வந்து சொல்லுவேன்னு அவங்களுக்குத் தெரியாது. நான் உங்க கண்டக்டர்னே அவங்களுக்குத் தெரியாது. டீ குடிக்க வந்தவன்னு நெனச்சுட்டாங்க."

"சாப்பாடு?"

"கெட்டுப் போயிடும்னு பரிமாறிட்டாங்க. கல்யாண விருந்து முடிஞ்சுபோச்சு, கல்யாணம்தான் ஆகல. உங்களுக்கு ஒரு தட்டு மூடி வெச்சிருக்கு." சில்லறை எச்சில் விழுங்கினான். "உங்க தம்பி எந்திரிச்சு சத்தம் போட்டாருக்கா. 'எங்கக்கா வர மாட்டா, அவ பிடிவாதம் எனக்குத் தெரியும், ஆரம்பிங்க'ன்னு. சபைக்காரங்க ஒருத்தரும் வாயத் திறக்கல. உங்க பொண்ணுதான் பேசிச்சு. 'எங்கம்மா டூட்டி முடிஞ்சு வருவாங்க மாமா'ன்னிச்சு. 'இன்னைக்கு வராட்டி?'ன்னாரு அவரு. 'வர்ற அன்னைக்குக் கல்யாணம்'னு சொல்லிட்டு உக்காந்துடுச்சுக்கா."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. பள்ளிக்கூடக் கேட் ஒன்றும் அங்கே தெரியவில்லை, வரிசையாகப் பேருந்துகள்தான் தெரிந்தன. ஆனாலும் பூட்டிய கேட்டுக்கு வெளியே, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணை அவள் பார்த்தாள். அந்தப் பெண்ணும் இப்படித்தான் வாட்ச்மேனிடம் சொல்லியிருப்பாள், எங்கம்மா டூட்டி முடிஞ்சு வருவாங்க என்று. ஒரு நாளாவது அலுத்துப்போய் வீட்டுக்குத் தனியாக நடந்துவிட்டாளா? இல்லை. இருந்த இடத்தை விட்டு நகராமல், காத்திருந்தாள்.

இத்தனை வருஷமாக அக்காவுக்கு, பிந்தி வருகிறவர்களைத்தான் தெரியும். காத்திருப்பவர்களைப் பற்றி அவள் அட்டவணையில் ஒரு கட்டம்கூட இல்லை.

"சார்!" என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். "நான் போகணும்."

"போம்மா, போம்மா! இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? குடு அந்த விசிலை." வாங்கி ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. "பழகிடும், நீ போ" என்று கையசைத்தார்.

ஹாரன் அதற்குள் இன்ஜினைப் போட்டுவிட்டான். "ஏறுங்கக்கா! எங்கயும் நிக்காம ஒரே மூச்சுல கொண்டு போயி விடறேன்."

"நிறுத்தத்துல நிக்காம போனா நான் உன்னைச் சும்மா விடமாட்டேன்" என்றாள் அக்கா ஏறிக்கொண்டே. "ஜனங்க காத்திருப்பாங்க இல்ல?"

ஆனால் சொல்வது சுலபம். அவள் வாழ்நாளெல்லாம் பேருந்துகளை அனுப்பியிருக்கிறாளே தவிர, அவசரமாக ஒன்றில் உட்கார்ந்து போனதில்லை. இவை இவ்வளவு மெதுவாகவா போகும்? முதல் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் மூட்டையோடு ஏறினார். அடுத்ததில் இரண்டு பெண்கள் இறங்குவதா வேண்டாமா என்று படியிலேயே நின்று யோசித்தார்கள். அக்கா இருக்கையின் நுனியில் உட்கார்ந்து, முன்கம்பியைப் பிடித்து, வண்டியைத் தானே தள்ளுவதுபோல நெருக்கினாள். சில்லறை அவளுக்குப் பயணச்சீட்டு கிழிக்கவில்லை. அதற்குப் பதில், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் விஷயத்தை விளக்கினான்.

"நம்ம அக்கா பொண்ணுக்கு இன்னைக்குக் கல்யாணம். காலையிலேர்ந்து இவங்களுக்காக நிப்பாட்டி வெச்சிருக்காங்க."

"அய்யய்யோ, சீருடையிலயா போறாங்க?" என்றாள் ஒரு பெண். தன் பையைத் துழாவி ஒரு சீப்பை எடுத்து நீட்டினாள். இன்னொருத்தி அக்காவின் காலரை இழுத்துச் சரிசெய்தாள். மூட்டைப் பெரியவர், தான் இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது என்றும், பரவாயில்லை, கல்யாணத்தைப் பார்த்துவிட்டே போகிறேன் என்றும் அறிவித்தார்.

கூடத்தின் வாசலில் வண்டி நின்றபோது, சில்லறை உட்பட மொத்த வண்டியும் அவளோடு இறங்கியது. "நீங்க உள்ள போங்கக்கா, நான் ஓரமா விட்டுட்டு வரேன்" என்று ஹாரன் வண்டியை நகர்த்தினான்.

உள்ளே குழந்தைகள் தூங்கியிருந்தன. பெரியவர்களிலும் சிலர் தூங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர் சதுரங்கப் பலகையிலிருந்து நிமிர்ந்தார், வாயைத் திறந்தபடியே இருந்தார். தம்பி கடுகடுவென்று ஒரு தூணில் சாய்ந்து நின்றான். ஒரு சுவரிலும் கடிகாரம் இல்லை. அக்கா முதலில் அதைத்தான் கவனித்தாள், பழக்கம் அப்படி.

மகள் எழுந்து வந்தாள். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தாள். "வந்துட்டியாம்மா" என்றாள். குரலில் குற்றம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"தாமதமாயிடுச்சுடி" என்றாள் அக்கா. அந்தச் சொல்லை அவள் எழுதிய தடவைகளுக்குக் கணக்கில்லை. தன்னைப் பற்றிச் சொல்வது இதுதான் முதல் தடவை. கூடவே இன்னொன்றும் சொல்ல வாயெடுத்தாள். மகள் கையை அழுத்தினாள். சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

சம்பந்தியம்மா நாற்காலியிலிருந்து சால்வையை எடுத்து, அக்காவின் சீருடைக்குமேல் போர்த்திவிட்டாள். "வாங்க சம்பந்தி. எங்க வழக்கம் ஒண்ணு இருக்கு. கடைசியா வர்றவங்கதான் ஆரம்பிச்சு வைக்கணும். அவங்களைத்தான் நாங்க இந்தக் கூடத்துல தாமதக்காரர்னு சொல்லுவோம். மரியாதையான பேரு அது. ஊருல உள்ளவங்க அதை எடுத்து எங்க எல்லாருக்கும் வெச்சுட்டாங்க. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! மருத்துவச்சி, மணியடிக்கிறவருன்னு எதையெதையோ சொன்னீங்க."

"அவங்கெல்லாம்தானே அன்னன்னைக்குக் கடைசியா வந்தவங்க? பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்க, சொன்னோம். கடைசியா வந்தா என்ன செய்யணும்னு நீங்க கேக்கலையே." அவள் கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். தூங்கிய பெரியவர்களைப் பக்கத்திலிருந்தவர்கள் தட்டி எழுப்பினார்கள். வண்டியில் வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல் பெஞ்சுகள் இழுபட்டன. எல்லோரும் எழுந்து நின்றார்கள். "நீங்க 'ஆரம்பிக்கலாம்'னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சம்பந்தி. இன்னைக்கு அந்த உரிமை உங்களுக்குத்தான்."

இத்தனை கண்கள் ஒரே சமயத்தில் அவளைப் பார்த்ததில்லை. மாப்பிள்ளை கையில் இன்னும் ஒரு யானைக்காயை வைத்துக்கொண்டு நின்றான். அக்கா மூச்சை இழுத்தாள். வாயைத் திறந்தாள். வாசலைப் பார்த்தாள். மூடினாள்.

"இருங்க" என்றாள்.

"என்னாச்சு?" என்று தம்பி தூணிலிருந்து பாய்ந்தான். "அக்கா, உனக்கு இன்னும் என்ன வேணும்?"

"என்னைக் கூட்டிட்டு வந்த டிரைவர் வண்டியை ஓரம் விடப் போயிருக்கான். அவன் இன்னும் உள்ள வரல."

சித்தப்பாதான் முதலில் உட்கார்ந்தார், பழகியவர்போல. அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மாவின் தோள்கள் குலுங்கின, சிரிப்பை அடக்கப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. மாப்பிள்ளை யானையைப் பலகையில் வைத்து மாமனாரின் மந்திரியை வெட்டினான்.

அக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். துணிக்கடைத் தெரு குறுகல். வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் ஹாரன் முன்னும் பின்னும் ஓட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது. யாரோ ஒருவர் ஆரஞ்சு உரித்து ஒரு சுளையை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியில் ஹாரன் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தான். தன்னைக் கண்டதும் கூடம் முழுக்க எழுந்து நிற்பதைப் பார்த்து, வந்த வழியே திரும்பப் போனான். சில்லறை அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்தான்.

"என்னக்கா, எல்லாரும் என்னையே பாக்கறாங்க? ஆரம்பிச்சாச்சா? நான் லேட்டா?"

"இல்லடா, நீ வந்தாத்தான் ஆரம்பம்" என்றாள் அக்கா. "'ஆரம்பிக்கலாம்'னு சொல்லு. சத்தமாச் சொல்லு."

சத்தமாகப் பேச வேண்டாம் என்றுதான் அவனிடம் எல்லோரும் இதுவரை சொல்லியிருக்கிறார்கள். சத்தமாகச் சொல் என்று கேட்டது கடிகார அக்கா ஒருத்திதான். அவன் நெஞ்சை நிமிர்த்தி, நுரையீரல் நிறைய மூச்சு வாங்கி, "ஆரம்பிக்கலாம்!" என்றான்.

தூங்கிக்கொண்டிருந்த அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் எழுந்து அழுதன. அந்த அழுகைக்கு நடுவே சிரித்துச் சிரித்து, முதல் பாட்டின் முதல் அடியைப் பிடிக்க அவர்களுக்கு மேலும் கொஞ்ச நேரம் ஆயிற்று.